நான்கு துறைகள், ஒரே கணக்கு

2019-இல் ஏரிகள் வறண்டு சென்னை தவித்தபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இன்று மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள் கடல்நீரைக் குடிநீராக்குகின்றன. ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அந்த மின்சாரத்தைத் தரும் அனல்மின் நிலையத்தின் கொதிகலனுக்கோ நன்னீர் வேண்டும்.

வயலிலும் நீருக்கும் மின்சாரத்துக்கும் இதே பிணைப்புதான். இலவச மின்சாரம் விவசாயிகளுக்குப் பேருதவி. ஆனால் நிலத்தடி நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரின் குதிரைத்திறன் கூடுகிறது. மின்வாரியத்தின் சுமையும் ஏறுகிறது. அப்படி விளைந்த முட்டைக்கோசும் தக்காளியும் கோயம்பேடு சந்தையில் அழுகிக் குப்பைக்குப் போனால், இறைத்த நீரும் செலவிட்ட மின்சாரமும் சேர்ந்தே வீணாகின்றன. நகரக் குப்பை சேரும் பெருங்குடி குப்பைமேடு இருப்பதோ, மழைவெள்ளத்தை ஏந்த வேண்டிய பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில்!

வழி இல்லாமல் இல்லை. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்ற நீராக்கும் நிலையங்கள் உள்ளன. அந்த அளவுக்குக் குடிநீர் மிஞ்சுகிறது. கழிவுநீர்க் கசடிலிருந்து எடுக்கும் எரிவாயு, சுத்திகரிப்பு நிலையங்களுக்கே மின்சாரம் தருகிறது.

இவை விதிவிலக்காக நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு குடிநீர்த் திட்டமும் தன் மின்தேவையை வெளிப்படையாகச் சொல்லட்டும். சந்தைக் கழிவு முழுவதையும் பிரித்து, எரிவாயுவாகவும் உரமாகவும் மாற்றுவதைக் கட்டாயமாக்க வேண்டும். குடிநீர் வாரியம், மின்வாரியம், வேளாண் துறை, மாநகராட்சி நான்கும் ஒரே மேசையில் அமர்ந்து திட்டமிட அரசு உடனே ஆணையிட வேண்டும். அடுத்த வறட்சி வரும்வரை காத்திருக்க நமக்கு உரிமையில்லை.