ஒரு சோறு பதமாகுமா?

நாம் உண்ணும் உணவு முழுவதையும் நாமே செரிப்பதில்லை. நம் செரிமான நீர்களிடமிருந்து தப்பி வரும் உணவுக்கூறுகளைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் சிதைத்துப் புதிய வேதிப்பொருள்களாக்குகின்றன. அவற்றுள் ஒரு பகுதி குருதியில் கலந்து, கல்லீரலில் உருமாறி, சிறுநீரில் வெளியேறுகிறது. எனவே, குருதியும் சிறுநீரும் குடலின் செய்தியைச் சுமந்து வருகின்றன. மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு பிரித்தறியும் நிறை நிறமாலைமானி, மிக நுண்ணிய அளவில் உள்ளவற்றையும் கணித்துவிடுகிறது. ஆனால், அளப்பது வேறு. அளவின் பொருளை உணர்வது வேறு.

டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்னும் சேர்மம் இதற்குத் தக்க சான்று. முட்டையின் மஞ்சட்கருவிலுள்ள கோலினையும் செவ்விறைச்சியிலுள்ள கார்னிடினையும் குடல் நுண்ணுயிரிகள் டிரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. கல்லீரல் அதனை ஆக்சைடாக்குகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்டான்லி ஹேசன் குழுவினர், 2011இல் இச்சேர்மத்தை இதயநோயுடன் தொடர்புபடுத்தினர். இதயத் தமனிச் சோதனைக்கு வந்த 4,007 பேரை மூன்றாண்டுகள் கண்காணித்து, 2013இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். இச்சேர்மம் மிகுந்திருந்த காற்பகுதியினருக்கு, மிகக் குறைந்திருந்த காற்பகுதியினரைவிட மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவற்றின் இடர் ஏறத்தாழ 2.5 மடங்காக இருந்தது.

அவ்வாறாயின், இச்சேர்மம் மிகுந்தவர் அனைவரும் அஞ்ச வேண்டுமா? கடல்மீன்களில் இஃது இயல்பாகவே உள்ளது. மீன் உண்ட சில மணி நேரத்தில் குருதியிலும் சிறுநீரிலும் இதன் அளவு பெரிதும் உயரும். மீனோ இதயத்திற்கு நலம் தரும் உணவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவரிடம், வெளியேற வழியின்றி இது குருதியில் தேங்குகிறது. ஆக, ஒரே மிகுதி ஒருவரிடம் நுண்ணுயிரிகளின் செயலையும், மற்றொருவரிடம் முந்தைய வேளை உணவையும், வேறொருவரிடம் சிறுநீரகத்தின் தளர்ச்சியையும் குறிக்கக்கூடும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே தீயில் வேகின்றமையால் அது பொருந்தும். மனித உடல் அத்தகைய பானையன்று. ஆயினும், ஒரே மாதிரியைக் கொண்டு குடல்நலத்தைக் கணித்து உணவுப்பட்டியல் தருவதாகக் கூறும் வணிகச் சோதனைகள் பெருகிவருகின்றன. ஓர் எண்ணை மட்டும் நம்பி ஊட்டமிக்க உணவைக் கைவிடுவது, இல்லாத நோய்க்கு மருந்துண்பதற்கு ஒப்பாகும்.

இத்தகைய பகுப்பாய்வு வீண் என்பதன்று என் கருத்து. பல்லாயிரம் பேரை ஒருசேர ஆராய்வோர்க்கு அது நோயின் தடத்தைக் காட்டும் விளக்கு. தனியொருவரின் சோதனை முடிவைப் படிக்கும்போதோ, முன்னர் உண்டது என்ன, சிறுநீரகம் எவ்வாறு இயங்குகிறது, மறுமுறை அளந்தாலும் இதே அளவு வருமா என்னும் மூன்று வினாக்களை எழுப்பிய பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும்.