கண்ணுக்கு என்ன அவசரம்?



திரையில் வேகமாகப் படிக்க உதவும் செயலிகளைப் பற்றிக் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் மாறி மாறிச் செய்தி வருகிறது. "பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுக்கலாமா சார்?" என்கிறீர்கள். வேண்டாம் என்கிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இவற்றில் இரண்டு வகை பிரபலம். 2014-இல் வந்த ஸ்பிரிட்ஸ் ஒன்று. அதில் வரியே கிடையாது. சிறு பெட்டிக்குள் சொற்கள் ஒவ்வொன்றாக வந்து மறையும். நடுவில் ஓர் எழுத்து சிவப்பாக இருக்கும். கண்ணை அசைக்காமலே நிமிடத்துக்கு 500 சொல், ஏன் 1000 சொல்கூடப் படிக்கலாம் என்றார்கள். இன்னொன்று, சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் உருவாக்கிய பயோனிக் ரீடிங். சொல்லின் முன்பகுதியை மட்டும் தடித்த எழுத்தாக்கும். மீதியை மூளையே நிரப்பிக்கொள்ளுமாம்.

படிப்பு மெதுவாவதற்குக் கண்தான் காரணம் என்று இரண்டும் நினைக்கின்றன. உண்மையில் நேரம் பிடிப்பது பொருள் விளங்குவதற்குத்தான். நன்றாகப் படிப்பவரின் கண்கூட நூறு அசைவில் பத்துப் பதினைந்து முறை பின்னால் போய்ச் சரிபார்த்துவிட்டு வருகிறது. சொல்லை ஒவ்வொன்றாக வீசும் செயலி அந்த வசதியைப் பிடுங்கிவிடுகிறது. கண்ணசைவு ஆராய்ச்சியில் பெயர் பெற்ற கீத் ரேனரும் சக ஆய்வாளர்களும் எழுதி 2016-இல் வெளியான விரிவான கட்டுரையின் முடிவும் இதுதான்: வேகம் கூடினால் புரிதல் குறையும், மொழித்திறன் வளர்ந்தால்தான் வாசிப்பும் வளரும்.

தமிழில் ஆபத்து இன்னும் அதிகம். வகுப்பில் நாம் பிரித்துப் பார்த்த பகுபத உறுப்பிலக்கணம் நினைவிருக்கிறதா? பகுதி முன்னால், காலமும் எதிர்மறையும் திணை, பால், எண், இடமும் பின்னால். "செலுத்தினால்", "செலுத்தாவிட்டால்" இரண்டுக்கும் முன்பாதி ஒன்றேதான். கடன் பத்திரத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் வீடே இருக்கிறது! பின்பாதியை மங்கலாக்கிவிட்டு எதைப் படிப்பீர்கள்? நம் வாக்கியத்தில் வினைமுற்றும் கடைசியில்தான் வரும். "இல்லை" என்று முடிந்த பிறகுதான் முழு வாக்கியத்தின் பொருளும் தெரியும். அப்போது கண் பின்னால் போக இடம் வேண்டாமா?

"எல்லாவற்றையும் ஆழமாகப் படிக்க நேரமில்லையே" என்பீர்கள். நியாயம். தலைப்பையும் முதல் வரியையும் பார்த்து, வேண்டாததை அப்படியே விட்டுவிடுங்கள். செய்தித்தாளை நம் பெரியவர்கள் அப்படித்தான் மேய்ந்தார்கள். வேண்டியதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மருந்துச் சீட்டையும் ஒப்பந்தத்தையும் தேர்வு வினாவையும் மேயாதீர்கள்.

தடித்த எழுத்து கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும், எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதை வேகம் என்று சொல்லிப் பிள்ளைகள் கையில் திணிக்காதீர்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள், வரி இடைவெளியைக் கூட்டுங்கள், அறிவிப்பு ஒலியை அணையுங்கள். இவை காசில்லாத உதவிகள்.

வேகம் தானாக வரும். ஆயிரம் சொல் தெரிந்த பிள்ளை தடுக்கி விழும் பக்கத்தை, பத்தாயிரம் சொல் தெரிந்த பிள்ளை ஓடிக் கடக்கும். அந்தச் சொற்களைச் சேர்க்கக் குறுக்குவழி கிடையாது. தினம் அரைமணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு கதைப் புத்தகத்தை வாய்விட்டுப் படியுங்கள். இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.

இதையாவது கடைசி வரி வரை படித்தீர்களா? படித்தவர்கள் கீழே ஒரு வணக்கம் போடுங்கள்.