காஞ்சிபுரத்துக்கும் வேண்டும் ஒரு ஐடியா போட்டி

முன்னால் போகிற லாரி திடீரென்று பிரேக் போடுகிறது. பின்னால் வருகிற பஸ்ஸுக்கு அது எப்படித் தெரியும்? லாரியின் சிவப்பு விளக்கை டிரைவர் பார்த்தால்தான் உண்டு. நடுவில் ஒரு வேன் மறைத்தால் போச்சு! "பிரேக் போட்டுவிட்டேன்" என்று லாரியே பஸ்ஸுக்கு ரேடியோவில் சொல்லிவிட்டால்? கனெக்டட் வெஹிகிள் என்கிறார்களே, அதன் அடிப்படை இவ்வளவுதான். ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கும் இடம், வேகம், திசை, பிரேக் நிலவரம் எல்லாவற்றையும் நொடிக்குப் பத்து தடவை அறிவித்துக்கொண்டே போகும். ஏறக்குறைய 300 மீட்டர் சுற்றளவில் இருக்கும் மற்ற வண்டிகள் அதைக் கேட்டு உஷாராகிவிடும்.

இதற்காக அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2011-ல் ஒரு போட்டியே நடத்தியது. "தொழில்நுட்பம் தயார், இதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்?" என்று மாணவர், பேராசிரியர், சாதாரண ஜனம் என எல்லோரிடமும் கேட்டார்கள். ஜெயித்தவர்களுக்கு அந்த வருடம் ஆர்லாண்டோவில் நடந்த உலக மாநாட்டுக்குப் போகும் வாய்ப்பு. ஓர் அரசாங்கம் ஜனங்களிடம் யோசனை கேட்பது நல்ல விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் கேள்வி தொடங்கிய இடம்தான் கோளாறு. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு வேலை தேடினார்கள். (சுத்தியல் வாங்கிவிட்டு வீடெல்லாம் ஆணி தேடுகிற மாதிரி!)

அந்த ரேடியோ அப்புறம் என்ன ஆனது? 1999-ல் இதற்கென்று அங்கே 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒதுக்கியிருந்தார்கள். இருபது வருடம் போயும் சாலையில் பரவலாக வந்தபாடில்லை. 2020-ல் அதில் 45 மெகாஹெர்ட்ஸைப் பிடுங்கி வைஃபை போன்றவற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த 30-ம் செல்போன் வழியில் வந்த வேறொரு முறைக்குப் போனது. போட்டிக்கு வந்த யோசனைகள் நம்பியிருந்த ரேடியோவுக்கே இந்தக் கதி.

இப்போது இதே போட்டியைக் காஞ்சிபுரத்தில் வைத்தால்? சிரிக்க வேண்டாம். இந்தியாவில் இதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார், ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரியும் புல்லட்டும், அங்கேயே வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசு மையம்... எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்தான். மாவட்டத்தின் தலைநகரத்திலோ வேறு உலகம். நெசவாளர் தெருவில் விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். அந்த நேரத்துக்கு அது தெரு இல்லை, பட்டறை. எந்த மேப்பிலும் இது கிடையாது. வைகாசி கருட சேவையன்று வரதராஜப் பெருமாள் சின்ன காஞ்சியிலிருந்து பெரிய காஞ்சிக்கு எழுந்தருளும்போது ஊரின் முக்கிய ரோடுகளே பெருமாளுக்குத்தான். முகூர்த்த நாளென்றால் கேட்கவே வேண்டாம், பட்டு எடுக்க வரும் கார்களால் காந்தி ரோடு திணறும்.

2019-ல் அத்தி வரதர் எழுந்தருளியதை மறந்திருக்க முடியாது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், ஒரு கோடிக்கும் மேல் ஜனம். வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி, அங்கிருந்து பஸ்ஸில் கொண்டுபோய் விட்டார்கள். எந்தத் தெரு அடைப்பு, எது திறப்பு என்பது போலீஸ்காரர் கையசைப்பில்தான் தெரிந்தது. பாதி வழி வந்தபிறகு "இந்தப் பக்கம் போக முடியாது" என்று கேட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேரோ.

ஆகவே காஞ்சிபுரத்தில் முதலில் பேச வேண்டியது கார் இல்லை, தடுப்பு! ரோட்டின் குறுக்கே போலீஸார் இழுத்து வைக்கும் அந்த இரும்புத் தடுப்பில் கைக்கடக்கமான ஒரு பெட்டி. குறுக்கே வைத்ததும் "இந்தத் தெரு அடைப்பு" என்ற செய்தி 108 ஆம்புலன்ஸுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் டிரைவர்களின் போன் மேப்புக்கும் போய்விட வேண்டும். எடுத்ததும் செய்தியும் மறைந்துவிட வேண்டும். பாவு நீட்டுகிறவர் வீட்டுத் திண்ணையிலும் அதே பெட்டி ஒன்று இருக்கலாம். எல்லாக் காரிலும் கருவி பொருத்தும் நாளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாடு முழுவதும் இறந்தவர்களில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. காரும் காரும் பேசிக்கொள்வதால் இவர்களுக்கு என்ன லாபம்? இருக்கிற சட்டமும் இவர்கள் பக்கம் வரவில்லை. 2019 முதல் புதிய பஸ், டாக்ஸி போன்ற பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இருப்பிடம் சொல்லும் கருவியும் அவசர பட்டனும் கட்டாயம் என்றார்கள். டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் அதில் விலக்கு. பட்டு நூல் மூட்டையை மொபெட்டில் வைத்துக்கொண்டு போகும் நெசவாளி எந்தத் திரையிலும் தெரியப்போவதில்லை.

மாணவர்களுக்கு ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017 முதல் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆறு பேர் குழு, அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற விதியெல்லாம் அருமை. ஆனால் கேள்விகள் அமைச்சகங்களிலிருந்தும் அரசுத் துறைகளிலிருந்தும் கம்பெனிகளிலிருந்தும்தான் வருகின்றன. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரருக்கு ரோட்டில் என்ன தொந்தரவு என்று டெல்லிக்கு எப்படித் தெரியும்?

காஞ்சிபுரத்துப் போட்டியில் கேள்வித்தாளை எழுத வேண்டியவர்கள் நெசவாளர், டவுன் பஸ் டிரைவர், டிராபிக் கான்ஸ்டபிள், கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா. இன்ஜினியரிங் மாணவர்கள் விடை எழுதட்டும். ஒரகடத்துக் கம்பெனிகள் செலவை ஏற்கட்டும், கோடிகளெல்லாம் வேண்டாம். பரிசாக மாநாட்டு டிக்கெட்டும் வேண்டாம். ஜெயித்த பெட்டியை அடுத்த வைகாசி கருட சேவையன்று பத்துத் தடுப்புகளில் மாட்டிப் பார்த்தால் போதும். அத்தி வரதர் மறுபடி வர 2059 வரை நேரம் இருக்கிறது. கருட சேவை வருஷா வருஷம் வருகிறது.