முதல் ரேங்க்... ஆனா, பாஸ் இல்லை!

செமஸ்டர் முழுக்க நீங்கதான் டாப்பர். கடைசியில, 'இன்னும் ஒரு பரீட்சை இருக்கு, அதுல ஜெயிச்சாதான் பாஸ்'னு சொன்னா எப்படி இருக்கும்? பிரிஸ்டல் ரக்பி டீமைக் கேளுங்க மக்கா!

இங்கிலாந்து ரக்பியோட இரண்டாவது டிவிஷனுக்கு அப்போ பேரு சாம்பியன்ஷிப். 2014-15 சீஸன்ல 12 டீம், ஆளுக்கு 22 மேட்ச். டேபிள்ல பிரிஸ்டல்தான் டாப். ஆனா, மேலே பிரிமியர்ஷிப்புக்குப் போக ஒரே ஒரு ஸீட். அதுக்கு முதல் நாலு டீமும் திரும்ப முட்டி மோதணும். (எந்தப் புண்ணியவான் போட்ட ரூலோ!)

ஃபைனல்ல வூஸ்டரோட ரெண்டு மேட்ச். ரெண்டு ஸ்கோரையும் கூட்டித்தான் ரிசல்ட். முதல் மேட்ச்ல வூஸ்டருக்கு ஒரு பாயின்ட் லீட். 2015 மே மாசம், வூஸ்டரோட சிக்ஸ்வேஸ் மைதானத்துல ரெண்டாவது மேட்ச். கடைசி நேரத்துல வூஸ்டர் ஒரு 'ட்ரை' போட்டும் மொத்தக் கணக்குல பிரிஸ்டல் 58, வூஸ்டர் 57. 'ட்ரை' போட்டா ஒரு கிக் உண்டு, அதுக்கு ரெண்டு பாயின்ட். ரயன் லாம்ப் உதைச்சார். 59-58. போச்சு!

2010 ஃபைனல்ல எக்ஸெட்டர்கிட்ட, 2014-ல லண்டன் வெல்ஷ்கிட்டனு ஏற்கெனவே அடி வாங்கின டீம் அது. 2016-ல டான்காஸ்டரை ஜெயிச்சு ஒருவழியா மேலே போய், அடுத்த வருஷமே கீழே வந்துட்டாங்க. 2017-18 சீஸன்ல ப்ளே-ஆஃபையே தூக்கிட்டாங்க. அந்த வருஷம் டேபிள் டாப்பரா நேரா மேலே போனது யாருங்கறீங்க? பிரிஸ்டலேதான்!