நாலு முழங்கால்கள்

சகோதரிகளே, வழக்கமாக அடுப்பங்கரையிலும் மருந்து அலமாரியிலும் சுற்றிக்கொண்டிருக்கும் நான், இந்தத் தடவை உங்களைக் கால்பந்து மைதானத்துக்கு அழைத்துப் போகப் போகிறேன். "நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் முழங்காலைப் பற்றியது. அதிலும் பெண்களின் முழங்கால்.

2023 மே முதல் தேதி ராத்திரி. கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி தூங்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று வயசு, பள்ளிக்கூடத்து கால்பந்து அணியில் ஆடுகிறவள். லண்டன் எமிரேட்ஸ் மைதானத்தில் ஆர்சனல் பெண்கள் அணிக்கும் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் அணிக்கும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆட்டம். அறுபதாயிரம் பேர் கூடியிருந்தார்கள். பெண்கள் பந்து உதைப்பதைப் பார்க்க இத்தனை ஜனமா என்று நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மாற்று ஆட்டக்காரியாக லாரா வீன்ராய்தர் என்ற ஆஸ்திரியப் பெண் இறங்கினார். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். என் பேத்தி வாயில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ பாட்டி, நாலாவது ஆள் ஆயிடப் போறா" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூடுதல் நேரம் வரை போன அந்த ஆட்டத்தில் ஆர்சனல் தோற்றதைவிட, அந்த "நாலாவது ஆள்" என்ற வார்த்தைதான் என் மனசில் நின்றது. குழந்தை சொன்னது சரியாகவே போயிற்று. பரிசோதனையில் முழங்காலின் உள்ளே நார் அறுந்திருந்தது தெரிந்தது.

மற்ற மூன்று பேர் யார் என்று கேட்டேன். விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். பெத் மீட்: 2022 ஜூலையில் நடந்த ஐரோப்பியக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரி என்ற பட்டத்தையும் தங்கக் காலணியையும் வாங்கியவர். அதே வருஷம் நவம்பரில் முழங்கால் போயிற்று. விவியான் மீடமா: ஆண் பெண் இருவரையும் சேர்த்து எண்ணினாலும் நெதர்லாந்துக்காக அதிக கோல் போட்டவர். டிசம்பரில் அவருக்கும் அதே கதி. லியா வில்லியம்சன்: இங்கிலாந்து அணியின் தலைவி. 2023 ஏப்ரல் 19ந் தேதி. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. ஆக ஒரே அணியில், ஆறு மாசத்துக்குள், நாலு பேருக்கு ஒரே இடத்தில் ஒரே காயம். இதில் மூன்று பேர் அந்த வருஷத்து உலகக் கோப்பையை வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள்.

விடிந்ததும் விஷயம் என் பெண்ணின் காதுக்குப் போய்விட்டது. "இனிமே பந்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு கல்யாணம் காட்சின்னு வரும்போது நொண்டிக் காலோட நிப்பியா? அம்மா, நீயாவது சொல்லேன்" என்று என்னைத் துணைக்கு இழுத்தாள். பேத்தியும் என் முகத்தைத்தான் பார்த்தாள். பாதி தெரிந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது எனக்குப் பிடிக்காது. "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தெரிந்த எலும்பு டாக்டரிடம் கேட்டேன், கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் முழங்கால். மேலே தொடை எலும்பு, கீழே கீழ்க்கால் எலும்பு, முன்னால் மூடி போலச் சிரட்டை. இரண்டு எலும்பையும் உள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்கே ஓடும் இரண்டு நார்கள் கட்டிப் போட்டிருக்கின்றன. முன்னால் இருப்பதை டாக்டர்கள் சுருக்கமாக ஏ.சி.எல். என்கிறார்கள். நீளம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம்தான். கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்கிப் போகாமலும், கால் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்துக்கொள்வது இதுதான். ஓடுகிற வேகத்தில் சட்டென்று நின்று திரும்பும்போதோ, குதித்து ஒரு காலில் இறங்கும்போதோ, பாதம் தரையில் பதிந்து நிற்க உடம்பு மட்டும் திரும்பினால் அறுந்துவிடும். பல சமயம் எதிரி இடிக்கக்கூட வேண்டியதில்லை. அறுந்தபோது "டப்" என்று சத்தம் கேட்டதாகப் பலர் சொல்கிறார்கள். அறுந்த நார் தானாகவே சரியாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. விளையாட்டுக்காரர்களுக்குப் பெரும்பாலும் அவர்கள் உடம்பிலிருந்தே வேறொரு நாரை எடுத்து ஆபரேஷன் செய்து பொருத்துகிறார்கள். மறுபடி மைதானத்தில் இறங்க ஒன்பது மாசம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும்.

கால்பந்தில் இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். உடனே நாலு பேர் சொல்லிவிடுவார்கள், "அதான் பெண் உடம்பு! நமக்கு எதுக்கு இந்த ஆட்டமெல்லாம்?" என்று. இது நேற்றுப் பிறந்த பேச்சு இல்லை. 1920ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூலில் ஒரு பெண்கள் ஆட்டத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். மறு வருஷமே, 1921 டிசம்பரில், இங்கிலாந்தின் கால்பந்து சங்கம் பெண்களைத் தன் மைதானங்களிலிருந்து விலக்கிவிட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று காரணம் சொன்னார்கள். தடை விலக ஏறத்தாழ ஐம்பது வருஷம் ஆயிற்று. அந்த அரை நூற்றாண்டில் பயிற்சி முறை, மருத்துவம், பூட்ஸ் எல்லாமே ஆண் உடம்பை அளவெடுத்து வளர்ந்தன. இன்றைக்குப் பெண்ணின் முழங்கால் அறுந்தால் பழி மட்டும் உடம்பின் மேல் விழுகிறது!

உடம்பில் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம் இடுப்பெலும்பு அகலம். அதனால் தொடை எலும்பு சற்றே உள்நோக்கிச் சாய்ந்து இறங்குகிறது. அந்த நார் இருக்கும் எலும்புப் பள்ளமும் குறுகல். வயசுக்கு வரும் பருவத்தில் பையன்களுக்கு உயரத்தோடு தசை வலுவும் கூடுகிறது. பெண்களுக்கு உயரமும் எடையும் கூடுகிற அளவுக்குத் தசை வலு தானாகக் கூடுவதில்லை. குதித்து இறங்கும்போது முழங்கால்கள் ஒன்றை ஒன்று முட்டுகிற மாதிரி உள்ளே சாய்கின்றன. அங்கேதான் ஆபத்து. ஆனால் எலும்பைத்தான் மாற்ற முடியாது. இறங்குகிற விதத்தை மாற்றலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மாதவிலக்கு நாட்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். ஹார்மோன்கள் ஏறி இறங்கும்போது நார்களின் இறுக்கமும் மாறலாம் என்று ஓர் அபிப்பிராயம். ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை. லண்டனைச் சேர்ந்த கிங்ஸ்டன் பல்கலைக்கழகம், உலகக் கால்பந்து சங்கத்தின் பண உதவியுடன் இதையே தனியாக ஆராயத் தொடங்கியது. 2020லேயே செல்ஸி அணி தன் பெண்களின் மாத சுழற்சியைக் குறித்து வைத்துப் பயிற்சியை அதற்கேற்ப அமைத்தது. காயம் குறைந்ததோ இல்லையோ, கூடத்தில் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசினார்களே, அதற்கே ஒரு சபாஷ் போடலாம். ஒன்று மட்டும் டாக்டர் அழுத்திச் சொன்னார்: ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத பெண்ணுக்கு மாதவிலக்கே நின்றுபோகும், எலும்பு பலவீனமாகும், காயம் ஆறத் தாமதமாகும். "உடம்பு போட்டுடும்" என்று ராத்திரி சாப்பாட்டைத் தள்ளுகிற பெண்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கவனியுங்கள்.

அடுத்தது பூட்ஸ். 2023ல் ஐரோப்பிய கிளப்புகளின் சங்கம் விசாரித்தபோது, நூற்றுக்கு 82 பெண் ஆட்டக்காரர்கள் பூட்ஸ் காலைப் படுத்துகிறது என்று சொன்னார்களாம். பெண்களின் குதிகால் ஒடுங்கியது. பாதத்து வளைவும் வேறு மாதிரி. ஆண்களின் அச்சில் செய்த பூட்ஸையே அளவு குறைத்துக் கொடுத்தால் எப்படிப் பொருந்தும்? அடியில் இருக்கும் முளைகள் புல்லை ரொம்பக் கெட்டியாகப் பிடித்தால், திரும்பும்போது பாதம் வராமல் முழங்கால் திருகும் என்ற சந்தேகமும் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கே உறைத்தது. எங்கள் வீட்டில், "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று பையன்கள் பூட்ஸை இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். பாட்டிதான்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஓய்வில்லாமை. கொரோனாவால் போட்டிகள் ஒரு வருஷம் தள்ளிப்போயின அல்லவா? அதனால் 2021 கோடையில் டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2022 கோடையில் ஐரோப்பியக் கோப்பை, 2023 கோடையில் உலகக் கோப்பை என்று வரிசையாக வந்தன. நடுவில் கிளப் ஆட்டங்கள், விமானப் பயணங்கள். மீடமாவும் வில்லியம்சனும் முதல் இரண்டுக்கும் போனவர்கள். மீடமா ரொம்பக் களைத்துப்போனதால் 2022 நவம்பரில் கிளப்பே அவருக்கு விடுப்புக் கொடுத்து அனுப்பியது. திரும்பி வந்தார், டிசம்பர் 15ந் தேதி நார் அறுந்தது. அதனால்தான் அறுந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பெத் மீட் ஒலிம்பிக்ஸுக்குத் தேர்வாகவே இல்லை, அவருக்கும் அறுந்ததே! ஒரே காரணம் தேடினால் கிடைக்காது. ஆனால் களைத்த தசை நாரைக் காப்பாற்றாது என்பது, கல்யாண வீட்டில் மூன்று நாள் நின்றுவிட்டு மாடிப்படி இறங்கின எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

இங்கிலாந்தின் மேல்மட்டப் பெண்கள் லீக் முழுநேரத் தொழிலாக ஆனதே 2018ல்தான். இன்று அதில் ஆடும் பல பெண்களுக்குச் சின்ன வயசில் எடைப் பயிற்சியோ கூடவே ஒரு பிஸியோதெரபி நிபுணரோ கிடைத்ததில்லை. ஆட்டமும் பணமும் கூட்டமும் மளமளவென்று வளர்ந்துவிட்டன. உடம்பைத் தயார் செய்கிற வேலை பின்தங்கிவிட்டது. 2024ல் ஆட்டக்காரர்களின் சங்கங்கள் லீட்ஸ் பெக்கெட் பல்கலைக்கழகத்தோடும் நைக்கி கம்பெனியோடும் சேர்ந்து, இந்த லீகிலேயே மூன்று வருஷ ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கினார்கள். உடம்பை மட்டும் பார்க்காமல் வசதிகள், பயணம், ஆட்டங்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் பார்ப்பார்களாம். நல்லது.

இனி, ஞாபகம் வைக்கச் சொன்ன விஷயம். 2012ல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆராய்ச்சி. 12 முதல் 17 வயசு வரை உள்ள, கால்பந்து ஆடும் 4,500க்கும் மேற்பட்ட பெண்கள். பாதிப் பேர் வழக்கம்போல ஆடினார்கள். மீதிப் பேர் வாரம் இரண்டு நாள், ஆட்டத்துக்கு முன் பதினைந்து நிமிஷம் ஒரு பயிற்சி செய்தார்கள். அவர்களிடம் இந்த நார் அறுவது 64 சதவீதம் குறைந்தது! சாமான் ஒன்றும் வேண்டாம். ஒரு காலில் நின்று மெதுவாக முழங்காலை மடக்கி எழுவது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. இரண்டு காலில் உட்கார்ந்து எழுவது. குப்புற முன்னங்கையையும் கால் விரலையும் ஊன்றி உடம்பைப் பலகை போல நிறுத்துவது. ஒரு காலை எட்டி வைத்துத் தாழ்வது. குதித்து சத்தமில்லாமல் இறங்குவது. எல்லாவற்றிலும் முழங்கால், பாதத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். உள்ளே சாயக் கூடாது. அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் பேத்தியைக் கூப்பிட்டு வாசல் படியின் கடைசிப் படியிலிருந்து குதிக்கச் சொன்னேன். இரண்டு முழங்காலும் கும்பிடு போட்டுக்கொள்வது போல உள்ளே வந்தன. என் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை வைத்து நாளைக்கே நார் அறும் என்று ஜோசியம் சொல்ல முடியாது. ஆனால் திருத்த வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்ததும் என் பெண்ணே போய் விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டாள். "மேடம், கிரவுண்டு கிடைக்கறதே முக்கால் மணி நேரம். இதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்றாராம். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. வீட்டு மொட்டை மாடியில் ஆரம்பித்தார்கள். முதல் மாசம் முனகல்தான்.

நாலு பேரில் வில்லியம்சன், 2025 ஜூலையில் பேசல் நகரத்தில் இங்கிலாந்தின் தலைவியாக ஐரோப்பியக் கோப்பையை மறுபடியும் தூக்கினார். அதற்கு இரண்டு மாசம் முன்னால், லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். ஆர்சனல் ஒன்றுக்கு சைபர் என்று பார்சிலோனாவை ஜெயித்தது. அந்த ஒரே கோலுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்தது பெத் மீட். பேத்தி போட்ட கூச்சலில் கீழ் வீட்டுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள்.

இப்போது அவளுக்குச் சரியான அளவில் பூட்ஸ் வாங்கியாகிவிட்டது. ஆட்டத்துக்குப் போடும் காலுறையைக் கையோடு எடுத்துப் போய், சாயங்காலம் கால் சற்றே வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினோம். செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு மாடியில், "முட்டி உள்ள போகுது பாரு, வெளியே தள்ளு!" என்று ஒரு குரல் கேட்கும். அது என் பெண்ணுடைய குரல்.