பதிவுக் கட்டணம் பொதுப் பணமே

அமெரிக்காவில் சிறுநீரகம், கல்லீரல், இதயம் முதலிய உறுப்புகளை எதிர்நோக்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெற்றுள்ள தேசியக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு பெயர் சேரும்போதெல்லாம், அதைச் சேர்க்கும் மருத்துவமனை பல நூறு டாலரைப் பதிவுக் கட்டணமாகச் செலுத்துகிறது. ஒரே நோயாளி இரண்டு மருத்துவமனைகளில் பதிந்துகொண்டால் கட்டணமும் இரு முறை வசூலாகிறது. மருத்துவமனை செலுத்தினாலும் சுமை அங்கேயே நின்றுவிடுவதில்லை. முதியோருக்கும் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தோருக்கும் அரசு நடத்தும் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், இக்கட்டணத்தை உறுப்பு பெறுவதற்கான செலவுகளுள் ஒன்றாக ஏற்று, தன் பயனாளிகளுக்குரிய பங்கை மருத்துவமனைக்கு ஈடுசெய்கிறது. ஆகவே இது பெரும்பகுதி வரிப்பணமும் காப்பீட்டுப் பணமுமே. அதற்கேற்ற கணக்கும் மேற்பார்வையும் அதற்கு உண்டாக வேண்டும்.

உறுப்புகளை விலைக்கு வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய 1984ஆம் ஆண்டின் தேசிய உறுப்பு மாற்றுச் சட்டமே, உறுப்புகளை நாடு தழுவிப் பகிர்ந்தளிக்கும் வலையமைப்பையும் தோற்றுவித்தது. அதை நடத்தும் ஒப்பந்தம் 1986 முதல் யூனோஸ் என்னும் இலாப நோக்கற்ற தனியார் அமைப்பிடம் பல பத்தாண்டுகள் தொடர்ந்து இருந்தது. அரசு இதற்கு ஒதுக்கக்கூடிய தொகைக்குச் சட்டம் விதித்த உச்சவரம்பு ஆண்டுக்கு 70 லட்சம் டாலர் மட்டுமே என்பதால், நாடு முழுவதற்குமான கணினி அமைப்பையும் கண்காணிப்பையும் தாங்கும் பாரம் பதிவுக் கட்டணத்தின் மீது விழுந்தது. கட்டணத்தின் அளவுக்குச் சுகாதாரத் துறைச் செயலரின் ஒப்புதல் வேண்டும் என்று நிர்வாக விதிகள் கூறினாலும், பணம் ஒப்பந்ததாரரின் கைக்கே சென்று சேர்ந்தது. ஒப்பந்ததாரரின் பணியை மதிப்பிட வேண்டிய அரசு, அப்பணிக்கான பெருந்தொகையைத் தன் கையில் வைத்திராத நிலையில் எத்தகைய கண்டிப்பைக் காட்டியிருக்க முடியும்?

2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அந்த உச்சவரம்பை நீக்கி, பணிகளைப் பல அமைப்புகளுக்குப் பிரித்து வழங்க வழிசெய்தது. 2025 மார்ச்சில் நிறைவேறிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டமோ, பதிவுக் கட்டணத்தை வசூலிக்கும் அதிகாரத்தைச் செயலருக்கே அளித்ததுடன், வலையமைப்பின் பணிகளுக்கு மட்டுமே அதைச் செலவிட வேண்டும் என்றும், எந்த மருத்துவமனையிடமிருந்து எவ்வளவு பெறப்பட்டது, எப்பணிகளுக்கு அது பயன்பட்டது என்பவற்றைப் பொதுமக்கள் காண வெளியிட வேண்டும் என்றும், நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆய்ந்து அறிக்கை தர வேண்டும் என்றும் வகுத்தது. இது காலங்கடந்து வந்த நல்ல மாற்றம்.

எனினும் இரண்டு குறைகள் அதன் பயனைக் கெடுக்கக்கூடும். செயலர் நேரடியாகவோ ஒப்பந்ததாரர் வழியாகவோ வசூலிக்கலாம் என்று அச்சட்டம் சொல்வதால், பழைய ஏற்பாடு வேறொரு பெயரில் திரும்பிவருவதற்கான வாயில் திறந்தே இருக்கிறது. அதனினும் பெரிய குறை, அந்த அதிகாரம் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடுவதாகும். தணிக்கை அறிக்கை வெளிவந்த சிறிது காலத்திலேயே, அதைக் கொண்டு திருத்தப்பட வேண்டிய ஏற்பாடே இல்லாது போகும்.

இக்கட்டணத்தின் அமைப்பிலேயே உள்ள ஒரு முரணும் எண்ணத்தக்கது. உறுப்பு பொருத்தப்படுவதைச் சார்ந்திராமல் பெயர் சேர்வதை மட்டும் சார்ந்து வருவாய் வருவதால், பட்டியலைக் குறைக்க வேண்டிய வலையமைப்பு, பட்டியலில் சேர்வோரின் எண்ணிக்கையைக் கொண்டே வாழ்கிறது. இதனால் எவரும் தவறிழைத்தனர் என்று கூறுவதற்கில்லை. ஆனால் இத்தகைய வருவாய்க்குச் சாதாரணக் கணக்குப் போதாது. கட்டணத்தை உயர்த்துமுன் அதற்கான செலவு மதிப்பீட்டை வெளியிடுவதும், ஆண்டுதோறும் சுதந்திரமான தணிக்கை நடத்துவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். காத்திருப்போரில் நாள்தோறும் பத்துக்கும் மேற்பட்டோர் உறுப்பு கிடைக்காமலே இறக்கும் நாட்டில், அவர்கள் பெயரால் வசூலாகும் ஒவ்வொரு டாலருக்கும் கணக்குக் கேட்கும் உரிமை அவர்களுடைய குடும்பங்களுக்கு உண்டு. 2028 மார்ச்சில் அதிகாரம் முடிவுறுமுன், நேரடி அரசு வசூலை அமெரிக்க நாடாளுமன்றம் நிரந்தரச் சட்டமாக்க வேண்டும்.