ஆண் பிள்ளைப் பைத்தியம்

2011-ம் வருஷத்துச் சென்சஸ் கணக்குப்படி அரியலூர் ஜில்லாவில் 1000 ஆண்களுக்கு 1015 பெண்களும், பெரம்பலூர் ஜில்லாவில் 1003 பெண்களும் இருந்தார்கள். ஆனால் ஆறு வயது வரையிலுள்ள குழந்தைகளை மாத்திரம் எண்ணிப் பார்த்தபோது 1000 ஆணுக்கு அரியலூரில் 897, பெரம்பலூரில் 913 பெண் குழந்தைகளே இருந்தன. தமிழ்நாடு முழுவதற்கும் 943. இயற்கையாய் 950 போலப் பிறக்க வேண்டும். பாக்கிப் பெண் குழந்தைகளை எந்தக் காளி விழுங்கினாள்?

இரண்டாவதும் பெண்ணாய்ப் பிறந்துவிட்டால், "அவள் வயிற்று வாகு அப்படி" என்கின்றார்கள். உடனே மாமியார் மகனுக்கு வேறு பெண் தேடுகின்றாள். பெற்றவள் பட்டினி கிடந்து சிறுவாச்சூர் காளிக்கும் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கும் நேர்ந்துகொள்ள வேண்டும். புருஷனோ மீசையை முறுக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றான்.

உண்மை என்ன? பெண்ணின் சூற்பையில் உண்டாகும் முட்டைகள் எல்லாவற்றிலும் இருப்பது எக்ஸ் என்னும் ஒரே வகைக் குரோமோசோம்தான். ஆணின் விதையில் உண்டாகும் விந்தணுக்களிலேயே பாதி எக்ஸ், பாதி ஒய். முட்டையோடு சேர்ந்தது எக்ஸானால் பெண், ஒய்யானால் ஆண். 1905-லேயே நெட்டி ஸ்டீவன்ஸ் என்கின்ற அமெரிக்க அம்மையார் மாவில் பிழைக்கும் ஒரு வண்டை ஆராய்ந்து இதற்கு வழி காட்டிவிட்டார்.

மனுவோ பெண்ணை நிலம் என்றும், ஆணை விதை என்றும் சொல்லுகின்றார். அது சுத்தப் பொய். அவளும் பாதி விதை கொடுக்கின்றாள். ஆனாலும் அவர்கள் வாதப்படியே கேட்கின்றோம்: மக்காச்சோளத்தை விதைத்துவிட்டுப் பருத்தி காய்க்கவில்லையென்று நிலத்தை உதைப்பவனுக்கு என்ன பெயர்? பெண்ணையே பெறுகிறவளைப் பதினோராவது வருஷத்தில் தள்ளிவிட்டு வேறொருத்தியைக் கட்டலாமென்று அதே மனு விதித்திருக்கின்றாரே, அது யாருடைய குற்றத்திற்கு யாருக்குத் தண்டனை?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்தப் பாடம் இருக்கத்தான் இருக்கின்றது. வாத்தியாருக்குத்தான் வெட்கம்! ஆணுக்கு மூத்திரமும் விந்தும் ஒரே குழாய் வழி. பெண்ணுக்கு மூத்திர வழி வேறு, பிள்ளை வழி வேறு என்பதுகூட அறியாத புருஷர்கள் கர்ப்பிணிக்கு உத்தரவு போடுகின்றார்கள். கருவில் இருப்பது பெண்ணா என்று ஸ்கேன் வைத்துப் பார்த்துச் சொல்வதை 1994-ம் வருஷச் சட்டம் குற்றமாக்கிற்று. ஆனால் மாமியார் வாயை எந்தச் சட்டம் அடக்கும்?

ஆகவே, சுயமரியாதைக் கலியாணம் நடத்திவைக்கும் தோழர்கள் வெறும் வாழ்த்தோடு நின்றுவிடாமல், இந்த எக்ஸ், ஒய் சங்கதியை மாப்பிள்ளையின் தாயார் காதில் நன்றாய் விழும்படி மேடையிலேயே சொல்லிவைக்க வேண்டுகின்றோம்.